இலங்கை அரசியலிற் பொதுவாழ்வு நேர்மையின் தேய்வு: ஒரு வரலாற்று நோக்கு

அரசியல் தலைவர்களிடத்து நேர்மையும் பொதுநலத் தொண்டும் அருகிவிட்டன என்ற முறைப்பாடு இன்று இலங்கையின் எப்பகுதியிலும் கேட்கப்படுவதொன்றாகும். முறைப்படுவோர் பெரும்பாலும் ஒரு பொற்காலத்தை மனத்திற்கொண்டே பேசுகின்றனர். இராமநாதன், அருணாசலம், கன்னங்கரா, செல்வநாயகம் எனச் சில பெயர்கள் எடுத்துரைக்கப்படும். அன்றிருந்தோர் பெரியோர், இன்றிருப்போர் சிறியோர் என்று முடிவு கட்டப்படும். இம்முடிவு முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அது உண்மையின் ஒரு பகுதியை மட்டுமே காட்டுகின்றது. மனிதரின் குணத்தைக்கொண்டு வரலாற்றை விளக்குதல் இலகுவானது. குணம் தளர்ந்தவிடத்தும் நேர்மையைக் காத்துநின்ற ஏற்பாடுகள் யாவை, அவற்றை எவர் எப்பொழுது தளர்த்தினர் என்று கேட்பதே வரலாற்று மாணவனுக்குரிய பணியாகும். இலங்கையின் இலஞ்ச ஒழிப்புச் சட்டங்களின் வரலாற்றையும், அரச சேவை நியமனங்கள் யார் கையில் இருந்தன என்ற வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கின், இவ்வினாவுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கின்றது.

பொற்காலக் கதையை ஐயுறுவதற்கு நாம் பிரித்தானியர் காலத்தின் நடுப்பகுதிக்குச் செல்லவேண்டும். ஆங்கிலச் சிவில் சேவையாளர் இயல்பாகவே நேர்மையாளர் என்றும், அந்நேர்மை அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொத்து என்றும் நம் முதியோர் பலர் நம்பினர். உண்மை வேறு. கோல்புறூக் ஆணைக்குழுவின் விதப்புரைகளை அடுத்து, 1830களிலே சிக்கனம் கருதிச் சிவில் சேவையாளரின் சம்பளங்கள் குறைக்கப்பட்டன, ஓய்வூதியமும் நிறுத்தப்பட்டது. அதே காலத்திலேதான் மலைநாட்டிற் கோப்பிச் செய்கை பெருகத் தொடங்கியது. முடிக்குரிய காணிகளை விற்கும் பொறுப்பிலிருந்த உத்தியோகத்தரே அக்காணிகளை வாங்கித் தோட்டச் சொந்தக்காரராயினர். தேசாதிபதி ஸ்ருவேட் மக்கென்சியே காணி வாங்கியோருள் ஒருவர். குடியேற்றச் செயலாளராகிய அன்ஸ்ருதரும் பெருந்தோட்டக்காரரே. கச்சேரியில் இருக்கவேண்டியவர் தோட்டத்தில் இருந்தார். வழக்குக் கேட்கவேண்டியவர் கோப்பி விலை கேட்டுக்கொண்டிருந்தார். காணிகளை விற்பவரும் வாங்குபவரும் ஒருவரேயாயின், விலை எவ்வாறு தீர்மானமாகும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்நிலை எவ்வாறு மாறியது என்பதே நமக்கு முக்கியமாகும். குடியேற்ற நாடுகளுக்கான அரசுச் செயலர் ஸ்ரான்லி பிரபுவின் காலத்தில், 1844, 1845 ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட சீர்திருத்தங்கள் உத்தியோகத்தர் இலாபம் கருதிப் பயிர்ச்செய்கையிலோ வாணிகத்திலோ ஈடுபடுதலைத் தடைசெய்தன. கூடவே சம்பளத்தை உயர்த்தி, ஓய்வூதியத்தையும் மீண்டும் வழங்கின. புதிய மனிதர் எவரும் வானத்திலிருந்து இறங்கிவரவில்லை. அதே வகுப்பினர், அதே கல்வியினர், புதிய ஏற்பாட்டின்கீழ் வேறுவகையாக நடக்கலாயினர். இலங்கைச் சிவில் சேவை பின்னர் பெற்ற நற்பெயருக்கு இதுவே வித்து. 1875 ஆம் ஆண்டிற் போட்டிப் பரீட்சை மூலம் அச்சேவையுட் புகுந்த முதல் இலங்கையர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவார். அவருடைய நேர்மை அவருக்கே உரியது. ஆனால் அந்நேர்மை தொழிற்படுதற்கு ஏற்றதொரு சேவை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது.

சேவை அவ்வாறு இருக்க, அரசியல் எவ்வாறு இருந்தது? பழைய சட்டநிரூபண சபையில் இருந்த இலங்கையர் பெரும்பாலும் பெருஞ்செல்வர். சர்வசன வாக்குரிமைக்கு முன்னர் வாக்களிக்க உரிமை பெற்றிருந்தோர் மொத்தக் குடிசனத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு வீதத்தினரே. நியமனம் வழங்கவோ, ஒப்பந்தம் வழங்கவோ, வீதி போடவோ அச்சபையினர்க்கு அதிகாரம் இருக்கவில்லை. கொடுப்பதற்கு எதுவும் இல்லாதவனிடம் எவரும் இலஞ்சம் கொண்டுசெல்வதில்லை. ஆகவே அக்காலத் தலைவரின் நேர்மை பெரும்பாலும் சோதிக்கப்படாத நேர்மை என்றே கூறவேண்டும். இராமநாதனின் கல்வித் தொண்டையும் அருணாசலத்தின் அறிவுத் தொண்டையும் இக்கூற்றுக் குறைப்பதாகாது.

சோதனை வந்த ஓரிடத்தைக் குறிப்பிடலாம். அது பணம் பற்றியதன்று, வாக்குப் பற்றியது. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் ஒதுக்கப்படுவதை ஆதரிப்பதாக 1918 ஆம் ஆண்டிற் சிங்களத் தலைவர் இருவர் அருணாசலத்துக்கு எழுத்திற் கொடுத்த வாக்குறுதி, இலங்கைத் தேசிய காங்கிரஸ் 1919 இல் அமைக்கப்பட்டு அவரே அதன் முதல் தலைவரான பின்னர் காப்பாற்றப்படவில்லை. அவர் 1921 இல் காங்கிரசை விட்டு விலகினார். இவ்வகை நேர்மையீனத்தை எந்த இலஞ்சச் சட்டமும் தண்டிப்பதில்லை. ஆயினும் பின்வந்த பல முறிவுகளுக்கு இதனை முன்மாதிரியாகக் காட்டலாம். 1957 ஆம் ஆண்டுப் பண்டாரநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கை 1958 ஏப்பிரலிற் கைவிடப்பட்டமையும், 1965 ஆம் ஆண்டு டட்லி சேனநாயக்க - செல்வநாயகம் உடன்படிக்கையின் மாவட்ட சபைத் திட்டம் 1968 இல் மடிந்தமையும் அவ்வரிசையில் வருவனவே.

1931 ஆம் ஆண்டில் டொனமூர் யாப்பு நடைமுறைக்கு வந்தது. சர்வசன வாக்குரிமையோடு புதுமையானதொரு நிர்வாக முறையும் வந்தது. அரசாங்க சபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு குழுவின் தலைவரும் மந்திரியாயினார். இம்முறையின் நோக்கம் உயர்ந்தது. சபையின் ஒவ்வோர் உறுப்பினரும் ஆட்சிப் பயிற்சி பெறவேண்டும் என டொனமூர் ஆணையாளர் கருதினர். ஆனால் சட்டமியற்றும் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு திணைக்களத்தின் அன்றாட அலுவலிலே கைவைக்கும் வாய்ப்பையும் இம்முறை உண்டாக்கிற்று. முன்னர் கொடுப்பதற்கு எதுவுமற்றிருந்தவரின் கையில் இப்பொழுது கொடுப்பதற்குப் பல இருந்தன.

பத்து ஆண்டுகள் நிறைவதற்குள்ளேயே வதந்திகள் பெருகின. அரசாங்க சபை உறுப்பினர் கைக்கூலி பெற்றனரா என ஆராய்தற்கு 1941 இல் எல்.எம்.டி. டி சில்வா ஆணையாளராக நியமிக்கப்பட்டார். 1943 இல் வெளிவந்த அவருடைய அறிக்கை உறுப்பினர் சிலர் கைக்கூலி பெற்றமை உண்மையெனக் கண்டது. சுதந்திரத்துக்கு ஐந்து ஆண்டுகளின் முன், இன்று நாம் பொற்காலமெனப் போற்றும் அதே தலைமுறையினர் நடுவே, இது நிகழ்ந்தது என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். இவ்வறிக்கையைப் பற்றி நம் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

சோல்பரி யாப்பு வரையப்பட்ட சூழ்நிலை இதுவே. அந்த யாப்பிற்குப் பல குறைகள் உண்டு. குறிப்பாகச் சிறுபான்மையோர் பாதுகாப்புப் பற்றி அதில் இருந்த 29 ஆம் பிரிவு எத்துணைப் பயனற்றதாயிற்று என்பதைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளைப் பொறுத்தமட்டில் அது இரு பூட்டுகளைப் போட்டது. அரச உத்தியோகத்தரை நியமித்தல், இடமாற்றல், விலக்குதல் ஆகியவற்றைப் பகிரங்க சேவை ஆணைக்குழுவிடமும், நீதித்துறை அலுவலர் பலரின் நியமனத்தை நீதிச்சேவை ஆணைக்குழுவிடமும் அது ஒப்படைத்தது. அத்துடன், சபை உறுப்பினர் என்ற முறையில் தம் தீர்மானத்தை மாற்றுவதற்காக இலஞ்சம் பெற்றார் என நீதிமன்றத்தாலோ, சபையின் சம்மதத்தோடு நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவாலோ தீர்க்கப்பட்டவர் ஏழு ஆண்டுகளுக்கு உறுப்பினராகும் தகுதியை இழப்பர் எனவும் விதித்தது. டி சில்வா அறிக்கை கற்பித்த பாடம் இங்கே எழுத்தாயிற்று. அரசியல்வாதிக்குச் சட்டமியற்றும் உரிமை உண்டு. உத்தியோகம் கொடுக்கும் உரிமை இல்லை. தன்னைத்தானே தீர்க்கும் உரிமையும் இல்லை என்பதே அதன் உட்கருத்து.

இலவசக் கல்வியின் தந்தையெனப்படும் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா, தாம் கொண்டுவந்த சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகளில், 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மத்துகமைத் தொகுதியில் தோல்வியுற்றார். பதினாறு ஆண்டுகள் கல்வி மந்திரியாக இருந்த அவர் முதுமையிற் பணமுடையால் வருந்தினார். 1963 இல் அரசு அவருக்கு 10,000 ரூபா உதவி வழங்கவேண்டியதாயிற்று. மந்திரிப் பதவி ஒருவரை ஏழையாகவே விட்டுவைத்த காலமும் இருந்ததென்பதற்கு இது சான்று; அத்தகையவரை வாக்காளர் தோற்கடித்ததும் அக்காலமே. நேர்மையின் தேய்வுக்கு வாக்காளனும் பொறுப்பாளி என வாதிப்போர் இதனை எடுத்துக்காட்டலாம்.

சுதந்திர இலங்கையின் இலஞ்சச் சட்டம் 1954 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமாகும். 1958 இல் அது திருத்தப்பட்டு, இலஞ்ச ஆணையாளர் திணைக்களமும் இலஞ்ச நியாயசபைகளும் நிறுவப்பட்டன. இந்நியாயசபை உறுப்பினரை நீதிச்சேவை ஆணைக்குழு நியமிக்கவில்லை. மந்திரியின் ஆலோசனையின்மேல் மகாதேசாதிபதியே நியமித்தார். இலஞ்சத்தை விரைவாக ஒழித்தற்கு இது வேண்டப்பட்டதெனக் கூறப்பட்டது. அக்கூற்று நேர்மையாகவே சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் குற்றவாளியைத் தீர்ப்பவர் ஆட்சியாளரின் நியமனம் பெற்றவராயினார்.

இலஞ்ச ஆணையாளர் எதிர் இரணசிங்க என்ற வழக்கிற் கோமறைக் கழகம் 1964 மே மாதத்திலே தீர்ப்பளித்தது. இந்நியாயசபைகள் நீதி அதிகாரத்தைச் செலுத்துகின்றன. அவற்றின் உறுப்பினர் நீதிச்சேவை ஆணைக்குழுவால் நியமிக்கப்பட்டிருத்தல் வேண்டும். யாப்பினை மாற்றத் தேவையான மூன்றிலிரண்டு பெரும்பான்மை பெறாத சாதாரணச் சட்டத்தால் இவ்விதியை மீறமுடியாது என்பன அத்தீர்ப்பின் சாரம். குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுபட்டார். இலஞ்சம் வாங்கியவனைத் தப்பவைத்த தீர்ப்பு என்று அன்று சிலர் குறைகூறினர். அக்குறை மேலோட்டமானது. இதே தீர்ப்பிலேதான், சமயமும் இனமும் பற்றிய 29 ஆம் பிரிவின் காப்புகள் இலங்கையின் பிரசைகளிடையே செய்யப்பட்ட ஆழ்ந்த உடன்பாடொன்றைக் குறிப்பன; அவை மாற்றப்பட முடியாதன என்ற கருத்தும் வெளியிடப்பட்டது. பிற்காலத்தில் தமிழ்ச் சட்டத்தரணிகள் மேற்கோளாகக் காட்டிவந்த இவ்வாசகம் ஓர் இலஞ்ச வழக்கிற் பிறந்தது என்பதைப் பலர் அறியார். நியமன அதிகாரத்தைக் கட்டுப்படுத்திய விதியும் சிறுபான்மையினரைக் காத்த விதியும் ஒரே மதிலின் இரு கற்கள். ஒன்றை அசைத்தபொழுது மற்றதும் ஆடிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதற்கு முன்னர், பாராளுமன்ற உறுப்பினரையே தொட்ட வழக்கொன்று உண்டு. உறுப்பினரின் இலஞ்சம் பற்றி ஆராய 1959 இல் தல்கொடப்பிட்டிய ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. அது 1960 இல் அறிக்கை சமர்ப்பித்தது. உறுப்பினரும் முன்னாள் உறுப்பினருமாகச் சிலர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அறிக்கை ஐந்து ஆண்டுகள் பயனின்றிக் கிடந்தது. ஆட்சி மாறிய பின்னரே, 1965 இல், குடியியல் தகுதியீனங்களை விதிக்கும் சட்டம் நிறைவேறிற்று. குற்றங்காணப்பட்டோர் ஏழு ஆண்டுகளுக்கு வாக்குரிமையையும் உறுப்பினராகும் உரிமையையும் இழந்தனர். ஆசனம் வகித்தோர் அதனையும் இழந்தனர். கல்முனை உறுப்பினராயிருந்த காரியப்பர் இதனை எதிர்த்துக் கோமறைக் கழகம் வரை சென்றார். நீதிமன்றம் செய்யவேண்டியதைப் பாராளுமன்றம் செய்துவிட்டது என்பது அவர் வாதம். 1967 இல் அவ்வாதம் தோற்றது. இத்தகுதியீனங்கள் தண்டனை நோக்கினவல்ல, பொதுவாழ்வைத் தூய்மையாக வைத்திருக்கும் நோக்கினவே எனவும், சட்டம் வேண்டிய பெரும்பான்மையோடு நிறைவேறியது எனவும் கோமறைக் கழகம் கொண்டது.

இத்தீர்ப்பின் விளைவை இரண்டு வகையில் எடைபோடலாம். தவறு செய்த உறுப்பினர் உண்மையிலே பதவியிழந்தனர், அது நன்று. இலங்கைப் பாராளுமன்ற வரலாற்றில் இவ்வாறு நிகழ்ந்தமை மிகச் சிலவே. ஆனால் மூன்றிலிரண்டு பெரும்பான்மை கையிலிருந்தால் ஒருவரின் குடியியல் உரிமையைப் பாராளுமன்றமே பறிக்கலாம் என்ற வழியும் திறந்துகொண்டது. அவ்வழியாற் பின்னர் வந்தது யாது என்பது பதின்மூன்று ஆண்டுகளில் தெரிந்தது. அதைப் பேசுமுன், இதற்குள் மற்றைப் பூட்டுக்கு நேர்ந்ததை நோக்குதல் வேண்டும்.

இலங்கைச் சிவில் சேவை 1963 மே 1 ஆம் திகதி ஒழிக்கப்பட்டு இலங்கை நிர்வாக சேவை அமைக்கப்பட்டது. அதே ஆண்டிற் பழைய கிராமத் தலைமைக்காரரின் இடத்துக்குக் கிராம சேவகர் வந்தனர். இவை தம்மளவிற் குறைகூறத்தக்கன அல்ல. பழைய விதானைமாரின் கைக்குச் சென்ற 'சந்தோசங்கள்' எத்தனை என்பதை ஊரவர் அறிவர். உண்மையான மாற்றம் 1972 இல் நிகழ்ந்தது. முதலாவது குடியரசு யாப்புப் பகிரங்க சேவை ஆணைக்குழுவை ஒழித்தது. அரச அலுவலரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று, பதவி நீக்கம் அனைத்தும் மந்திரிசபையின் பொறுப்பாயின. ஆலோசனைச் சபையொன்றும் ஒழுக்காற்றுச் சபையொன்றும் இருந்தன. ஆனால் இறுதிச் சொல் மந்திரிசபையினுடையது. அவ்விடயங்களை நீதிமன்றம் விசாரிப்பதும் தடுக்கப்பட்டது. கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு அதற்கு முந்திய ஆண்டே ஒழிந்திருந்தது. 29 ஆம் பிரிவும் அதே யாப்பில் மறைந்தது. நாம் முன்னர்க் கூறிய மதிலின் இரு கற்களும் ஒரே நாளிற் பெயர்ந்தன.

இதனை ஆதரித்தோரின் நியாயத்தையும் கூறவேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கொள்கையைத் தேர்ந்தெடுக்கப்படாத உத்தியோகத்தர் தடுத்தல் ஆகாது. குடியேற்ற ஆட்சியின் மரபில் வளர்ந்த சேவை மக்களுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்றனர். கொள்கையளவில் இது தவறன்று. ஆனால் நடைமுறையில் மக்களென்றது தொகுதி உறுப்பினரையே குறிக்கலாயிற்று. சிற்றூழியர் தொடக்கம் ஆசிரியர் வரை நியமனம் பெறுவதற்கு உறுப்பினரின் 'துண்டு' வேண்டியதாயிற்று. 1977 இல் வேறு கட்சி ஆட்சிக்கு வந்தபொழுது இம்முறை ஒழியவில்லை. தொழில் வங்கி என்ற பெயரில் விண்ணப்பப் படிவங்களே உறுப்பினர் கையிற் கொடுக்கப்பட்டன. பரீட்சைச் சுட்டெண்ணோடு உத்தியோகம் தேடிய இளைஞன், ஒரு கட்சியினரின் விறாந்தையிலே காலை ஐந்து மணிக்கு வரிசையில் நிற்கப் பழகினான். இக்கட்டுரையாசிரியனும் தந்தையாரோடு அத்தகையதொரு விறாந்தையில் நின்றவனே; உள்ளேயிருந்து வெளிவந்தவர் எங்கள் பக்கம் திரும்பியும் பாராது காரில் ஏறிச்சென்றமை இன்னும் நினைவில் உள்ளது. அவரைக் குறைகூறிப் பயனில்லை. ஆயிரம் பேர் கேட்கும் நூறு உத்தியோகங்களைத் தம் கையாற் பங்கிடுமாறு விடப்பட்ட எவரும் நாளடைவில் அவ்வாறே ஆவர்.

தமிழர்க்கு இதனால் விளைந்த கேடு இரட்டிப்பானது. நிலவளம் குறைந்த வடபுலத்தில் எழுதுவினைஞர் பரீட்சையே பல குடும்பங்களின் வாழ்வாதாரமாயிருந்தது. பரீட்சைப் பெறுபேறு இனம் பார்ப்பதில்லை, துண்டு பார்க்கும். 1956 ஆம் ஆண்டு மொழிச் சட்டத்தால் ஏலவே பாதிக்கப்பட்டிருந்த ஒரு சமூகம், ஆளுங்கட்சியில் தன் பிரதிநிதிகள் இல்லாத நிலையில், நியமனப் பங்கீட்டிலிருந்தும் ஏறத்தாழ முற்றாக விலக்கப்பட்டது. நேர்மையீனம் என்பதை இலஞ்சப் பணத்தோடு மட்டும் இணைத்து நோக்குவோர் இதனைக் கணக்கிற் சேர்ப்பதில்லை. துண்டு கொடுத்தவர் ஒரு சதமும் வாங்காதிருந்திருக்கலாம். பொதுச்சொத்தாகிய உத்தியோகத்தைக் கட்சிச் சொத்தாக்கியமை அதனாற் குறைந்துவிடாது.

எஸ்.ஜே.வி. செல்வநாயகம் 1972 ஒக்டோபரிற் காங்கேசன்துறை ஆசனத்தைத் துறந்தார். புதிய யாப்பினைத் தமிழர் ஏற்கவில்லை என்பதைத் தேர்தல் மூலம் காட்டுவேன். முடிந்தால் அரசு அதனைத் தோற்கடிக்கட்டும் என்பதே அவருடைய அறைகூவல். அவருடைய கொள்கையை ஏற்காதோரும் இச்செயலின் நேர்மையை மறுக்கவில்லை. இடைத்தேர்தல் 1975 பெப்ரவரி வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல், நடத்தப்படவில்லை. தனிமனித நேர்மைக்கும் அதனைச் சுற்றிநின்ற ஏற்பாட்டுக்கும் இடையிலான வேறுபாட்டை இதனிலும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. ஒருவர் தாமாகவே பதவியைத் துறக்கலாம். மக்களின் தீர்ப்பைக் கேட்கும் நாளைக் குறிக்கும் அதிகாரம் எதிராளியின் கையிலேயே இருந்தது. அவர் வென்றார் என்பது வேறு விடயம்.

இனி 1965 இற் திறந்த வழிக்குத் திரும்புவோம். 1978 இல் விசேட சனாதிபதி விசாரணை ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. முந்திய அரசின் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவும் அதன்முன் அழைக்கப்பட்டனர். சட்டம் பிறப்பதற்கு முன் நிகழ்ந்தவற்றை ஆராய அவ்வாணைக்குழுவுக்கு அதிகாரமில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாண்டிலேயே தடையாணை வழங்கியது. பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி அத்தடையைப் பயனற்றதாக்கியது. 1980 ஒக்டோபரில், தேர்தலைப் பிற்போட்டமை முதலான அதிகாரத் துர்ப்பிரயோகங்களுக்காகப் பண்டாரநாயக்க அம்மையாரின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. அவர் 1982 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலிற் போட்டியிட முடியாதவரானார்.

1970 இல் தெரிவாகிய பாராளுமன்றம் தன் ஆயுளை 1977 வரை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்கொண்டமை தவறே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தவறைத் தண்டித்த கை யாருடையது? அதே ஆட்சி, சனாதிபதித் தேர்தல் முடிந்த இரண்டே மாதங்களில், 1982 டிசெம்பர் 22 இல், பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தித் தன் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டிக்கொண்டது. ஆளுங்கட்சி உறுப்பினரிடம் திகதியிடப்படாத பதவிதுறப்புக் கடிதங்கள் வாங்கி வைக்கப்பட்டன. ஐந்தில் நான்கு பங்கு ஆசனங்களை வைத்திருந்த கட்சியின் உறுப்பினர் இவ்வாறு தம் மனச்சாட்சியை எழுதிக்கொடுத்துவிட்டனர். இலஞ்சம் வாங்குவதிலும் இது இழிந்ததா என்பது பற்றிக் கருத்து வேறுபடலாம். 1986 சனவரியில் அம்மையாரின் குடியியல் உரிமை சனாதிபதியின் மன்னிப்பால் மீண்டது. பறித்ததும் வழங்கியதும் ஒரே தரப்பு. தூய்மைப்படுத்தும் சட்டம் எனக் கோமறைக் கழகம் கருதியது, வென்றவன் தோற்றவனைக் கட்டிவைக்கும் கயிறாக மாறியமை இவ்வாறேயாம். அதன்பின் இலங்கையில் ஊழற் குற்றச்சாட்டு எதுவும் கட்சிச் சாயமின்றி நம்பப்பட்டதில்லை. ஊழல் செய்தவர்க்கு இதனினும் நல்ல பாதுகாப்பு வேறில்லை. அரசியற் பழிவாங்கல் என்ற ஒரு சொல் அவர்க்குப் போதியதாயிற்று.

1994 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் மூவரைக் கொண்ட நிரந்தர ஆணைக்குழுவொன்றை அமைத்தது. ஆனால் முறைப்பாடு கிடைத்தாலன்றி அது தானாக விசாரணை தொடங்க முடியாதிருந்தது. நியமனப் பூட்டின் கதை இதனிலும் விசித்திரமானது. 2001 இல் 17 ஆவது திருத்தம் அரசியலமைப்புச் சபையை உண்டாக்கி, பொதுச்சேவை ஆணைக்குழுவைச் சுயாதீனமாக்கியது. 2005 இல் அச்சபையின் காலம் முடிந்தபின் அது மீண்டும் உரியவாறு அமைக்கப்படாது விடப்பட்டது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அதனை ஒழித்தது. 2015 இல் 19 ஆவது திருத்தம் மீட்டது. 2020 இல் 20 ஆவது திருத்தம் மீண்டும் ஒழித்தது. 2022 இல் 21 ஆவது திருத்தம் மீண்டும் மீட்டது. இருபத்தோர் ஆண்டுகளில் ஐந்து தடவை ஒரே பூட்டு திறக்கவும் அடைக்கவும் பட்டது. ஒவ்வொரு தடவையும் மூன்றிலிரண்டு பெரும்பான்மை கிடைத்தது. 18 ஆவது திருத்தத்துக்குக் கைதூக்கிய உறுப்பினர் பலர் 19 ஆவதற்கும் கைதூக்கினர் என்பதை வாக்கெடுப்புப் பதிவுகளிற் காணலாம்.

2022 ஏப்பிரல் 12 இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. யூலையிற் சனாதிபதி நாட்டைவிட்டு வெளியேறிப் பதவி துறந்தார். 2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம், நால்வர்க்கு ஒருவர் என்ற பெரும்பான்மையால், முன்னாட் சனாதிபதிகள் இருவரும் முன்னாள் நிதியமைச்சரும் உயர் அலுவலர் சிலரும் பொதுமக்கள் அவர்பால் வைத்த நம்பிக்கையை மீறிப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பாயினர் எனத் தீர்த்தது. எவரும் பணம் வாங்கினார் என்று அவ்வழக்கில் தீர்க்கப்படவில்லை. பொறுப்பில் இருந்தவர் பொறுப்பைச் செய்யாமையே குற்றமாகக் கொள்ளப்பட்டது. இலங்கையின் சட்ட வரலாற்றில் இது புதுமையான அடி. தீர்த்தது பாராளுமன்றமன்று, ஆணைக்குழுவன்று, நீதிமன்றம் என்பது அதனினும் குறிப்பிடத்தக்கது. மனுதாரர் இழப்பீடு கோரவில்லை, அது கட்டளையிடப்படவுமில்லை.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், முறைப்பாட்டுக்குக் காத்திராது ஆணைக்குழு தானே விசாரணை தொடங்கலாம் என்றது. 1975 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தையும் அது நீக்கியது. அப்பழைய சட்டம் பாராளுமன்ற உறுப்பினர் தம் சொத்துகளையும் பொறுப்புகளையும் எழுத்திற் கொடுக்கவேண்டும் என்று விதித்திருந்தது; கொடுத்ததை வெளியிடுவதையும் தடுத்திருந்தது. புதிய சட்டம் அவ்வெளிப்படுத்துகைகளிற் பெரும்பகுதியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வழிசெய்தது. ஆட்சிகள் பல மாறியும், 48 ஆண்டுகளாக எந்தப் பாராளுமன்றமும் அந்த ஒரு தடையை நீக்க முன்வரவில்லை.